ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூங்கில்

ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சுகுணா
சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை.
உள்ளே வெளிறிய துருவல். தேங்காய் என்று நினைத்தேன்.

"மூங்கில் குருத்தாம். புளிக்க வச்சது. ஜூரி கொடுத்தா.
அவ ஊர்லேர்ந்து மூணு நாள் ரயில்ல வந்திருக்கு."

மூங்கில் என்றால் எனக்கு
ஏணி. சாரம். பந்தல்கால்.
அப்பாவைத் தூக்கிப்போனபோது தோளில் அழுத்திய கணு.
ஆரம்பாக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே
ராத்திரி லாரிகளை நிறுத்தி வைத்திருந்த கழி.
சோற்றோடு சேர்த்து நினைத்ததில்லை.

மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

மழையில் நனைந்த சாக்கு,
அதற்கடியில் மோர்,
அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று.

ரோலிங் மில்லில் மார்ச்சிலிருந்து
வாரம் மூன்று நாள்தான் வேலை.
மீதி நாலு நாளும் அடுப்பு என்னுடையது.
சாம்பாரில் தேறிவிட்டேன். ரசம் இன்னும் சந்தேகம்.

"எவ்வளவு போடணுமாம்?"
"தோடான்னு சொன்னா."
"தோடான்னா?"
"லைன் லீடர்கிட்ட கேட்டேன். கொஞ்செம்னாரு."
மூன்று பாஷை கைமாறி வந்தும்
அந்த அளவுக்கு ஒரு ஸ்பூன் கிடைக்கவில்லை.

பழவேற்காட்டு மடவை அரைக்கிலோ.
வெங்காயம், தக்காளி, குழம்புத்தூள்,
எலுமிச்சை அளவு புளி (கை தானாகவே கரைத்துவிட்டது),
அதன் தலையில் இரண்டு பிடி மூங்கில்.
ஒரே சட்டிக்குள் இரண்டு புளிப்பும்
பாகம் பிரிக்க வந்த பங்காளிகள் மாதிரி ஏறிக் கத்த,
நடுவில் மாட்டிய மீன் உதிர்ந்தே போயிற்று.
வாசம் மாடிப்படி இறங்கிப் போனது.

வீட்டுக்கார சுப்பரத்தினம்மா
பினாயில் டப்பாவோடு மேலேறி வந்தார்.
"ஏமய்யா, எலுக சச்சிந்தா?"
எலி சாகவில்லை அம்மா. குழம்பு.
என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.
பினாயிலை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மகள் ஜன்னலோரம் நகர்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.
சுகுணா மீனைத் தண்ணீரில் அலசிச் சாப்பிட்டாள்.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

பதினோரு நாள் பிரிட்ஜின் மேல் நின்றது பாட்டில்.
போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்தபடி.

பன்னிரண்டாம் நாள்
புளி ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தேன்,
என் கையை நம்பாமல்.
மூங்கில் ஒரே ஒரு ஸ்பூன். நல்லெண்ணெய். கீறிய பச்சைமிளகாய்.
வதங்க வதங்கச் சாக்கு போயிற்று, மோர் போயிற்று,
அடியிலிருந்த அந்தப் பெயரில்லாதது மட்டும் நின்றது.
மடவையை ஒவ்வொன்றாக இறக்கினேன்.

நாக்கு நுனியில் தொடங்கவில்லை அந்தப் புளிப்பு.
காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில்,
தாமதமாக வந்தது.
நாற்பத்தோரு வயதில்தான் தெரிகிறது
அங்கேயும் எனக்கு ஒரு வாய் இருப்பது.

மகளுக்கு அன்றும் தயிர்சாதம்தான். பொய் சொல்வானேன்.

பாட்டிலைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது.
நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு நிரப்பினேன்,
மேலே அரைவிரல் எண்ணெய் நிற்க.
"சுடுசோத்துல பிசைஞ்சு சாப்பிடணும். தோடா.
மறக்காம சொல்லு."

தடாவில் ஆறு பேருக்கு ஒரு ரூம், ஒரு கரண்ட் அடுப்பு.
ஜூரி அதில் உருளைக்கிழங்கு போட்டு,
ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி,
கொதிக்கக் கொதிக்க வேகவைத்திருக்கிறாள்.
என் தொக்கை.
"எல்லாரும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்களாம்"
என்கிறாள் சுகுணா, சிரிப்பை முந்தானையில் துடைத்து.

தொக்கைப் போய் யாராவது தண்ணீரில் கரைப்பார்களா?
ராத்திரி இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மில் இல்லை.
நாலு உருளைக்கிழங்கு எடுத்துத் தோல் சீவிக்கொண்டிருக்கிறேன்.
சுப்பரத்தினம்மாவிடம் மட்டும்
முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.